முதல் பக்கத்தைக் கிழித்தவன்

நாடகம் தொடங்கும்போது மேடையில் திரைச்சீலை இருக்காது. அந்த இடத்தில் ஒரு செய்தித்தாளின் ராட்சத முதல் பக்கம் தொங்கும். ‘லாஸ் ஏஞ்சலிஸ் ஹெரால்ட் எக்ஸ்பிரஸ்’, 1943 ஜூன் 3. ஜூட் சூட் என்ற தொளதொள உடை அணிந்த கும்பல்கள் நகரத்தின்மேல் படையெடுத்துவிட்டன, கடற்படையை அழைத்திருக்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கத்திமுனை அந்தத் தாளைக் குத்திக்கொண்டு வெளியே நீட்டுகிறது. மேலிருந்து கீழாக ஒரே கிழி. கிழிசல் வழியாக வரும் ஆள் அவசரமே படாமல் காலரை நீவி, கைமடிப்பைச் சரிசெய்து, தலையை இழை பிசகாமல் பின்னோக்கி வாரி, கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொள்கிறான். அப்புறம்தான் நம்மைப் பார்த்துப் பேசவே ஆரம்பிக்கிறான்.

லூயிஸ் வால்டெஸ் எழுதி இயக்கிய ‘ஜூட் சூட்’ நாடகத்தின் முதல் சில நிமிடங்கள் இவை. 1978-இல் லாஸ் ஏஞ்சலிஸின் மார்க் டேப்பர் அரங்கில் மேடையேறியது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர் தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சிக்கானோ ஒருவர் எழுதி, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே வரை போன முதல் நாடகம் இதுதான். 1981-இல் படமானது; 2019-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பிடித்தது.

லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் கலைஞர்கள் மேடையையும் திரையையும் நினைவுக்கும் எதிர்ப்புக்கும் பயன்படுத்தியதற்கு எடுத்துக்காட்டுப் பஞ்சமே இல்லை. நான் இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே சம்பவம் இங்கே நான்கு இடங்களில் நான்கு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது: பத்திரிகையில், நீதிமன்றத்தில், மேடையில், திரையில். அதோடு, ஒரு ஊரில் மாதக்கணக்கில் அரங்கை நிறைத்த நாடகம் இன்னொரு ஊரில் ஐந்தே வாரத்தில் மூட்டை கட்டியது. இதை விசாரித்துக்கொண்டே போனால், நினைவைச் சுமக்கிற வேலையில் மேடைக்கு எவ்வளவு பங்கு, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு பங்கு என்பது ஓரளவு பிடிபடுகிறது.

குளக்கரை

முதலில் உண்மைச் சம்பவம். 1942 ஆகஸ்ட் 2, விடியற்காலை. லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தென்கிழக்கே, அன்று வயல்காடாக இருந்த பகுதியில், ஒரு பாசன நீர்த்தேக்கம். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை நகரத்துப் பொது நீச்சல் குளங்களில் எல்லா நாளும் விடமாட்டார்கள். அவர்களுக்கு இதுதான் குளம். மாலையில் ஜோடிகள் வந்து உட்காருவதும் இங்கேதான். ஸ்லீப்பி லகூன், அதாவது தூங்கும் குளம் என்ற பெயரில் அது வரலாற்றில் ஏறிவிட்டது. அதன் அருகே மண்பாதையில் ஹோசே டியாஸ் என்ற 22 வயது இளைஞர் அடிபட்டு, கத்திக்குத்துப்பட்டுக் கிடந்தார். நினைவு திரும்பாமலே மருத்துவமனையில் இறந்தார். ராணுவத்தில் சேரப் போகவிருந்தவர்.

முந்தின இரவு பக்கத்து வீடொன்றில் விருந்து நடந்தது. அதற்குள் 38-ஆவது தெரு இளைஞர்கள் புகுந்து அடிதடி. அவர்களில் ஒருவரான ஹென்றி லேவாஸ் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் குளக்கரையில் வேறொரு கூட்டத்திடம் அடி வாங்கியிருந்தார். ஆள் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தால் அடித்தவர்களைக் காணோம். கோபம் விருந்து வீட்டின்மேல் பாய்ந்தது. டியாஸைக் கொன்றது இவர்கள்தான் என்று காட்டப் போதிய சாட்சியம் இல்லை. கொன்றது யார் என்று எந்த நீதிமன்றத்திலும் இன்றுவரை நிரூபணமாகவில்லை.

ஆனால் போலீஸ் சுமார் 600 இளைஞர்களை வளைத்துப் பிடித்தது. 22 பேரை ஒன்றாக நிறுத்தி ஒரே வழக்காக நடத்தினார்கள். கலிபோர்னியாவில் அதற்குமுன் இத்தனை பேரை ஒரே கூண்டில் வைத்து விசாரித்தது கிடையாது. நீதிபதி சார்ல்ஸ் ஃப்ரிக்கி. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வழக்கறிஞர்களுக்குப் பக்கத்தில் உட்காராமல் தள்ளித் தனியாக உட்கார வைக்கப்பட்டார்கள். வழக்கு நடக்கும்போது தன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கிசுகிசுக்கக்கூட வழியில்லை. தொடக்க வாரங்களில் முடி வெட்டிக்கொள்ளவும் துணி மாற்றவும் விடவில்லை. அழுக்கு உடையும் வளர்ந்த தலைமுடியுமாக அவர்களை ஜூரி நாள்தோறும் பார்த்தது.

இதற்கிடையில் மாவட்டக் காவல்துறையைச் சேர்ந்த எட்வர்ட் டுரான் அயர்ஸ் என்ற அதிகாரி வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரியிடம் ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். மெக்சிகோவின் பழங்கால மக்களான அஸ்டெக்குகள் நரபலி கொடுத்தவர்கள், அந்த வெறி இவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது என்பது அதன் சாரம். வீட்டுப் பூனை, காட்டுப் பூனை உவமைகூட உண்டு. ஒரு கொலை வழக்கில் தடயம் இல்லாதபோது வம்சத்தையே தடயமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நாடகத்தில் அஸ்டெக் திரும்ப வருவதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1943 ஜனவரியில் தீர்ப்பு. 3 பேருக்கு முதல்தரக் கொலை, 9 பேருக்கு இரண்டாம்தரக் கொலை, 5 பேருக்குத் தாக்குதல் குற்றம். மீதி 5 பேர் விடுதலை. கொலைக் குற்றம் உறுதியானவர்கள் சான் குவென்டின் சிறைக்குப் போனார்கள். பத்திரிகையாளரும் வழக்கறிஞருமான கேரி மக்வில்லியம்ஸ் தலைமையில் ஒரு பாதுகாப்புக் குழு உருவாகிப் பணம் திரட்டியது. அதன் செயலாளர் ஆலிஸ் கிரீன்ஃபீல்ட் சிறைக்கு நேரில் போய்ப் பார்த்தார், கடிதம் எழுதினார், குழுவின் செய்திமடலை நடத்தினார். 1944 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாத் தண்டனையையும் ரத்து செய்தது. போதிய சாட்சியம் இல்லை, நீதிபதி நடந்துகொண்ட விதம் சரியில்லை, வழக்கறிஞரோடு கலந்துபேசும் உரிமை மறுக்கப்பட்டது என்று காரணங்கள். பையன்கள் வெளியே வந்தார்கள். கைதான செய்தி வந்த அளவுக்குப் பெரிதாக விடுதலைச் செய்தி வரவில்லை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

உடை

இவர்கள் சிறையில் இருக்கும்போதே வெளியே இன்னொன்று நடந்தது. ஜூட் சூட் என்பது தோள் அகன்று முழங்கால் தொடும் கோட்டு, மார்புக்குக் கீழே ஏற்றிக் கட்டித் தொடையில் தொளதொளத்துக் கணுக்காலில் இறுகும் கால்சட்டை, தொங்கும் நீளச் சங்கிலி. நியூயார்க்கின் ஹார்லெம் பக்கத்துக் கறுப்பின ஜாஸ் ஆட்டக்காரர்களிடமிருந்து பரவியது. கலிபோர்னியாவில் அதை அணிந்த மெக்சிகோ வம்சாவளிப் பையனுக்குப் பச்சூக்கோ என்று பெயர். போர்க்காலம், கம்பளித் துணிக்குக் கட்டுப்பாடு. அப்படியிருக்க இத்தனை கெஜம் துணியை ஒரு சூட்டுக்குச் செலவழிப்பது தேசத் துரோகம் என்று பேச்சு கிளம்பியது.

1943 ஜூன் 3 இரவு, சாவெஸ் ரவீன் பகுதியில் முகாமிட்டிருந்த கடற்படை வீரர்கள் கூட்டமாகக் கிளம்பி, கையில் கிடைத்த பச்சூக்கோக்களை அடித்தார்கள். அடுத்த நாள் வாடகைக் கார்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சினிமா கொட்டகைக்குள் புகுந்து விளக்கைப் போடச் சொல்லித் தேடினார்கள். டிராம்களை நிறுத்தி இறக்கினார்கள். அடிப்பதோடு விடவில்லை, நடுத்தெருவில் சூட்டைக் கழற்றினார்கள். போலீஸ் பின்னாலேயே வந்து, அடிபட்டுக் கிடந்தவர்களைக் கைது செய்தது. ராணுவமே தன் ஆட்களை நகருக்குள் போகக்கூடாதென்று தடுத்தபிறகுதான் அடங்கியது. அப்போது நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. எதற்கு? ஜூட் சூட் அணிவதைத் தடை செய்ய.

இந்தச் சம்பவத்துக்கு வரலாற்றில் நிலைத்த பெயர் ‘ஜூட் சூட் கலவரம்’. அடித்தவன் பெயரில் இல்லை, அடிபட்டவன் சட்டையின் பெயரில். வால்டெஸ் கத்தியை எடுத்தது இந்தப் பெயரின்மேல்தான்.

லாரி மேடை

வால்டெஸ் 1940-இல் கலிபோர்னியாவின் டெலானோ ஊரில் பிறந்தவர். பெற்றோர் ஊர் ஊராகப் போய் அறுவடை செய்யும் கூலிகள். பள்ளிக்கூட நாடகத்தில் குரங்கு வேடம் கிடைத்தும், அது நடப்பதற்குள் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பவேண்டி வந்ததை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் சாப்பாட்டுக் காகிதப் பையைக் கிழித்து ஊறவைத்து ஆசிரியை முகமூடி செய்துகாட்டியதுதான் தன் நாடகக் கல்வியின் தொடக்கம் என்பார்.

1965 செப்டம்பரில் அதே டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. முதலில் இறங்கியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள். ஒரு வாரம் கழித்து விவசாயத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவெஸின் சங்கம் சேர்ந்தது. வால்டெஸ் ஊர் திரும்பி, பாடகர் அகஸ்தீன் லிராவோடு சேர்ந்து எல் தியாத்ரோ காம்பெசினோ என்ற குழுவைத் தொடங்கினார். விவசாயக் கூலிகளின் நாடகக் குழு என்று பொருள்.

முதல் கூட்டத்தில் வால்டெஸ் பத்து நிமிடம் நாடகத்தைப் பற்றிப் பேசிப் பார்த்தார். எடுபடவில்லை. அட்டைகளை எடுத்து இருவர் கழுத்தில் ‘வேலைநிறுத்தக்காரர்’ என்றும் ஒருவர் கழுத்தில் ‘கருங்காலி’ என்றும் மாட்டி, ஒருவரையொருவர் திட்டச் சொன்னார். கருங்காலியாக நடிக்க யாருக்கும் மனமில்லை. கடைசியில் ஒருவரை வற்புறுத்தித்தான் இழுத்துவிட்டார்கள். சிரிப்பு வெடித்தது. இப்படிப் பிறந்த குறுநாடகங்களுக்கு ஆக்தோ என்று பெயர். பத்துப் பதினைந்து நிமிடம், எழுத்துப் பிரதி கிடையாது, சரக்கு லாரியின் திறந்த பின்தளம்தான் மேடை.

ஒரு ஆக்தோவில் கோடைக்காலமே ஓர் ஆளாக வரும். சட்டையெல்லாம் டாலர் நோட்டு குத்தியிருக்கும். கூலி ஓடி ஓடி நோட்டைப் பறித்துத் தன் பின்பையில் திணிப்பான். பின்னால் நிற்கும் கங்காணி அதே வேகத்தில் அந்தப் பையிலிருந்து உருவுவான். கங்காணியிடமிருந்து முதலாளி. உபரி மதிப்பைப் பற்றி ஒரு சொல் பேசாமல் மொத்தத்தையும் காட்டிவிடுகிறது. இன்னொன்றில் பன்றி முகமூடி போட்ட முதலாளி, கூலி வாழ்க்கைதான் நிம்மதி என்று பீற்றிக்கொண்டு, விளையாட்டாக முகமூடியையும் சாட்டையையும் சுருட்டையும் கூலியிடம் கொடுத்து இடம் மாற்றிக்கொள்கிறார். காவலாளிக்கு ஆள் மாறியது தெரியாது. நிஜ முதலாளியை இழுத்துப்போகிறான். அவர் கத்தும் கடைசிச் சொல் ‘வெல்கா’. வேலைநிறுத்தம்!

1966-இல் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு நடந்த நீண்ட நடைபயணத்தில் ஒவ்வொரு இரவும் தங்கும் ஊரில் குழு நடித்தது. அந்த இடத்தில் பார்வையாளனுக்கும் நடிகனுக்கும் இடைவெளியே கிடையாது; கருங்காலியும் கங்காணியும் யார் என்று பார்ப்பவனுக்குப் பெயரோடு தெரியும். இந்தப் பழக்கம் வால்டெஸுக்குப் பலம். பின்னால் நியூயார்க்கில் அவரைக் கவிழ்த்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

குழு 1967-இல் சங்கத்திலிருந்து பிரிந்து, 1971-இல் சான் ஹுவான் பௌதிஸ்தா என்ற சிற்றூரில் குடியேறியது. இடையில் 1969-இல் சிக்கானோ இயக்கத் தலைவர் கோர்க்கி கொன்சாலெஸின் கவிதையை வைத்து ‘நான் ஹோக்கின்’ என்ற குறும்படத்தை எடுத்தார்கள். புகைப்படங்கள், சுவரோவியங்கள், ஒரு குரல், இசை, அவ்வளவுதான். சிக்கானோ சினிமாவின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள்.

விசாரணை மறுபடி

மார்க் டேப்பர் அரங்கின் இயக்குநர் கோர்டன் டேவிட்சன், லாஸ் ஏஞ்சலிஸ் வரலாற்றிலிருந்து ஒரு நாடகம் எழுதித் தரும்படி வால்டெஸைக் கேட்டார். வால்டெஸ் விசாரணைப் பதிவுகளையும், பாதுகாப்புக் குழுவின் கடிதங்களையும் தோண்டினார். ஆலிஸைத் தேடிப்போய்ப் பேசினார். பதிவுகளிலிருந்து நீதிமன்றப் பேச்சுகள் அப்படியே நாடகத்துக்குள் வந்தன. ஆட்களின் பெயர் மட்டும் மாறியது: ஹென்றி லேவாஸ் ஹென்றி ரெய்னா ஆனார், ஆலிஸ் கிரீன்ஃபீல்ட் ஆலிஸ் ப்ளூம்ஃபீல்ட் ஆனார்.

ஆனால் இதை ஆவண நாடகம் என்று சொல்லிவிட முடியாது. ஆட்டமும் பாட்டும் நிறைந்தது; 1940-களில் பச்சூக்கோ பாட்டுகளால் புகழ்பெற்ற லாலோ கெரேரோவின் இசை மேடையை ஆட்டிப்படைக்கும். நடுவில் எல் பச்சூக்கோ. பத்திரிகையைக் கிழித்துக்கொண்டு வந்தவன். எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் நடித்தார். கதைக்குள் அவனை ஹென்றியைத் தவிர யாருக்கும் தெரியாது. விரலைச் சொடுக்கினால் காட்சி உறைந்துவிடும். கலோ என்ற அந்தத் தெருப்பேச்சில் பார்வையாளரைச் சீண்டுவான், பாடுவான், ஹென்றியின் மனசாட்சியாக வந்து ஹென்றியையே கேலி செய்வான். நம் கூத்தில் வரும் கட்டியக்காரனை அறிந்தவர்களுக்கு இவனைப் புரிந்துகொள்ள நேரமாகாது. ஒரு வித்தியாசம்: கட்டியக்காரன் ராஜாவைக் கிண்டல் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான், இவன் கடைசியில் அடியும் வாங்குகிறான்.

மேடைப் பொருட்களைப் பாருங்கள். செய்தித்தாள் கட்டுகள்தான் நாற்காலி. ஹென்றியின் அம்மா துவைத்து மடிக்கும் துணியும் செய்தித்தாள். அரசு வழக்கறிஞர் வேடத்தில் வருபவரின் பெயரே ‘பத்திரிகை’. வீட்டில், நீதிமன்றத்தில், எங்கே திரும்பினாலும் அச்சுத்தாளுக்குள்தான் இந்தக் குடும்பம் வாழ்கிறது. பத்திரிகை தவறாக எழுதியது என்று ஒரு பாத்திரத்தை வாய்விட்டுச் சொல்லவைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மறந்திருப்போம்.

கலவரக் காட்சியில் கடற்படைக்காரர்கள் எல் பச்சூக்கோவைச் சுற்றி வளைத்துத் துணியை உருவுகிறார்கள். எல்லாம் போனபிறகு எழுந்து நிற்பவன் இடுப்பில் ஒரு கோவணம் மட்டும். அது அஸ்டெக் முன்னோரின் உருவம். அயர்ஸ் அறிக்கை நினைவிருக்கிறதா? நரபலிக்காரன் இரத்தம் என்று வசையாக வீசப்பட்ட அதே அஸ்டெக், இங்கே நிமிர்ந்து நிற்கிறான். வசனம் இல்லை. எனக்கு நாடகத்தின் உச்சம் இதுதான். இறுதிக் காட்சியைவிட.

இறுதிக் காட்சியும் லேசுப்பட்டதில்லை. விடுதலையான ஹென்றிக்கு என்ன ஆனது? ‘பத்திரிகை’ ஒரு முடிவு சொல்கிறது: மறுபடி சிறை, போதைமருந்து, சாவு. இன்னொரு பாத்திரம் வேறொன்று சொல்கிறது: கொரியப் போரில் வீரமரணம், பதக்கம். மூன்றாவதில் காதலி டெல்லாவைக் கட்டிக்கொண்டு ஐந்து பிள்ளைகள். அதில் மூன்று பேர் பல்கலைக்கழகம் போய்த் தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். எது உண்மை என்று நாடகம் தீர்ப்பு எழுதுவதில்லை. பார்க்க வந்திருந்த குடும்பங்களில் இந்த மூன்று விதமான சித்தப்பா, மாமாக்களும் இருந்திருப்பார்கள்.

இரண்டு ஊர்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் டிக்கெட் கிடைக்கவில்லை. நாடகக் கொட்டகைக்குள் அதுவரை கால்வைக்காத மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் பாட்டி பேரன் சகிதமாக வந்தன. பழைய பச்சூக்கோக்கள் சூட் மாட்டிக்கொண்டு வந்தார்கள். டேப்பரில் இடம் போதாமல் ஹாலிவுட்டின் அக்வேரியஸ் அரங்குக்கு மாற்றி, மாதக்கணக்கில் ஓட்டினார்கள்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 1979 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் விண்டர் கார்டன் அரங்கிலும் திறந்தார்கள். விமர்சகர்கள் கைவிட்டார்கள், ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சனம் கடுமையானது. 41 காட்சிகளோடு மூடியாயிற்று. ஓல்மோஸுக்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதின் பரிந்துரை மட்டும் மிச்சம்.

விமர்சகர்களின் இனப்பாகுபாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம். அது கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் நாடகத்தின் கட்டுமானத்தையும் பார்க்கவேண்டும். அந்த முதல் பக்கம் கிழிபடும்போது லாஸ் ஏஞ்சலிஸ் ஆட்களுக்கு அது தங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு காலத்தில் கிடந்த தாள். எல் பச்சூக்கோ கலோவில் ஒரு சொல் உதிர்த்தால் அப்பா பேசிய சொல். மேடை பாதியைச் சொன்னால் போதும், மீதியை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். லாரி மேடையில் வால்டெஸ் கற்றதும் இந்தப் பாதிக் கணக்குத்தான். விண்டர் கார்டனில் சுமார் 1,500 இருக்கைகள்; அதில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்லீப்பி லகூன் என்ற சொல்லே புதிது. அவர்களுக்கு அது சத்தமான, நீளமான, பாதி புரியாத ஒரு இசை நாடகம். நியூயார்க்கிலும் பல லட்சம் ஸ்பானிய மொழிக்காரர்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். அவர்களில் பெரும்பாலோர் புவேர்த்தோ ரீக்கோவைச் சேர்ந்தவர்கள். வெளியாருக்கு எல்லாரும் ‘லத்தீனோ’. உள்ளே ஒருவர் காயம் இன்னொருவருக்குத் தானாக வலித்துவிடாது.

படத்துக்குள் ஒரு கொட்டகை

யுனிவர்சல் நிறுவனம் படமெடுக்க முன்வந்தபோது கொடுத்த பணம் சுமார் 25 லட்சம் டாலர். 1940-களின் நகரத்தைத் தெருத்தெருவாக மறுபடி கட்ட அது காணாது. வால்டெஸ் அக்வேரியஸ் அரங்கிலேயே, மேடை அமைப்பையே வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் எடுத்துமுடித்தார். பார்வையாளர்களையும் உட்காரவைத்துப் படம் பிடித்தார். காட்சி நடக்கும், சட்டென்று இருக்கைகளும் முகங்களும் தெரியும், மறுபடி காட்சி.

முதல்முறை பார்த்தபோது எனக்கு இது எரிச்சலூட்டியது. கதைக்குள் போனால் பிடித்து வெளியே தள்ளுகிறதே என்று. பணமில்லாததால் செய்த ஒட்டுவேலை என்றும் நினைத்தேன். நியூயார்க் கதையைத் தெரிந்துகொண்டபிறகு வேறு மாதிரி தெரிகிறது. அங்கே இல்லாமல்போன அந்தப் பாதியை, அதாவது லாஸ் ஏஞ்சலிஸ் கூட்டத்தை, மனிதர் படச்சுருளிலேயே ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார். படம் எந்த ஊரில் ஓடினாலும் அந்த முகங்களும் கூடவே போகும். திட்டமிட்டுச் செய்தாரோ வறுமை செய்யவைத்ததோ, பலன் அதுதான். வசூல் பெரிதாக இல்லை. கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. ஆறு ஆண்டுக்குப்பின் ‘லா பாம்பா’ படம் மூலம் பெரிய வெற்றி பார்த்தார், அது வேறு கதை.

விட்டுப்போனவர்கள்

இனி என் மனத்தாங்கல். குளக்கரைச் சம்பவத்தில் பிடிபட்டவர்களில் பெண்களும் உண்டு. பையன்களுக்கு எதிராகப் பேச மறுத்த பெண்கள் சிலரை முறையான விசாரணைகூட இல்லாமல் வென்சுரா பெண்கள் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பையன்களுக்காகக் குழு, நிதி, மேல்முறையீடு எல்லாம் நடந்தது. பெண்களுக்கு அப்படியொரு மேல்முறையீடு நடக்கவில்லை. நாடகத்தில் டெல்லா அங்கே இருந்ததைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறாள். கொஞ்சம்தான். ஹென்றி வெளியே வந்து யாரைத் தேர்ந்தெடுப்பான், டெல்லாவையா ஆலிஸையா என்ற கேள்விக்குக் கிடைக்கும் இடம் அந்த ஓராண்டுச் சிறைவாசத்துக்குக் கிடைக்கவில்லை.

இது தற்செயல் இல்லை. குழுவின் வரலாற்றை ஆய்ந்த யோலாந்தா பிராய்லஸ்-கொன்சாலெஸ், சொக்கோரோ வால்டெஸ், ஒலிவியா சுமசேரோ, டயான் ரோட்ரிகெஸ் போன்ற நடிகைகள் அம்மா, காதலி, வேசி என்ற மூன்று அச்சுக்குள் எப்படி அடைபட்டுக் கிடந்தார்கள் என்பதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அதை உடைக்க அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று, ஆண் வேடத்தையும் எலும்புக்கூட்டு வேடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டது. எலும்புக்கூட்டுக்கு ஆண் பெண் கிடையாதல்லவா. அவர் எழுப்பிய இன்னொரு கேள்வி: கூட்டாக உருவான குழுவின் வேலையெல்லாம் எப்படி வால்டெஸ் என்ற ஒற்றைப் பெயரில் போய்ச் சேர்ந்தது? இந்தக் கட்டுரையும் அதே பெயரைத்தான் மாறிமாறிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஹோசே டியாஸும் அப்படித்தான். 22 பேருக்கு நேர்ந்த அநியாயம் அவ்வளவு பெரிதாக எழுந்து நின்றதில், செத்துப்போன பையன் வழக்கின் பெயர்க்காரணமாகக்கூட மிஞ்சவில்லை. வழக்குக்குக் குளத்தின் பெயர், நாடகத்துக்கு உடையின் பெயர். நீதிமன்றம் மறந்தவர்களை நினைவில் வைக்க எழுந்த நாடகத்துக்குள்ளும் ஒருவருக்கு இடம் போதவில்லை.

2017

மார்க் டேப்பர் அரங்கின் 50-ஆவது ஆண்டில் ‘ஜூட் சூட்’டை அதே மேடையில் மறுபடி போட்டார்கள். இயக்கியவர் வால்டெஸ்தான், அப்போது வயது 76. எல் பச்சூக்கோவாக மெக்சிகோ நடிகர் டெமியான் பிசிர். அறிவித்த நாட்கள் போதாமல் மீண்டும் மீண்டும் நீட்டித்தார்கள்.

1978-இல் ஹென்றியாக நடித்தவர் வால்டெஸின் தம்பி டேனியல். டெல்லாவாக நடித்தவர் ரோஸ் போர்ட்டியோ. இந்தமுறையும் இருவரும் மேடையில் இருந்தார்கள், ஹென்றியின் அப்பாவாகவும் அம்மாவாகவும். 39 ஆண்டுக்கு முன் தான் போட்டிருந்த சூட்டை இன்னொரு பையன் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கிளம்புவதை டேனியல் அப்பா வேடத்தில் நின்று பார்க்கவேண்டியிருந்தது. பக்கத்தில் ரோஸ் செய்தித்தாள்களைத் துணியாக மடித்துக்கொண்டிருந்தார்.